சாந்தைன் ஆக்சிடேஸ் உடம்புக்குள் என்னதான் செய்கிறது? சைவக்காரருக்கு யூரிக் அமிலம் ஏறுவது எப்படி?

தேனிக்காரன் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. சுத்த சைவம், குடிப்பழக்கம் இல்லை. சில வாரங்களுக்கு முன் நடுராத்திரியில் கால் பெருவிரல் மூட்டு செக்கச்செவேலென்று வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே துடித்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 8.6. வீக்கம் வடிந்த பிறகு மருத்துவர் அலோபியூரினால் 100 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையோடு வந்த தாளில் "சாந்தைன் ஆக்சிடேஸ் தடுப்பான்" என்று போட்டிருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பருப்பை நிறுத்து, கீரையை நிறுத்து என்கிறார்கள். கறி மீன் தொடாத மனுஷனுக்குப் பியூரின் எங்கிருந்து வந்தது? இந்த நொதி என்ன வேலை செய்கிறது? அதைத் தடுத்தால் வேறு எதுவும் கெட்டுப்போகுமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலை எழுதியது:

எங்கள் அத்தைக்கும் இதே கதைதான். பருப்பு, கீரை, காளான், தக்காளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டார். யூரிக் அமிலம் 8.1-லிருந்து 7.7-க்கு வந்தது, அவ்வளவுதான். ஆள்தான் பாதியாக இளைத்துப்போனார். நானும் இந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஆய்வகத்தான் எழுதியது:

உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் நொதியைப் பற்றி நான் சொல்கிறேன். மருந்து அளவு பற்றியெல்லாம் அப்பாவின் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

முதலில், பியூரின் வெளியிலிருந்து வந்து சேரும் அழுக்கு இல்லை. நம் ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டிலும் அடினைன், குவானைன் என்ற பியூரின்கள் இருக்கின்றன. தசை சுருங்குவதற்கு ஆற்றல் கொடுக்கும் ஏடிபியிலும் அடினைன் இருக்கிறது. உடம்பு இவற்றைத் தானே கட்டிக்கொள்கிறது. கல்லீரல்தான் அதற்கு முக்கியமான இடம். ஒருவர் உடம்பில் உருவாகும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சொந்தச் செல்களின் பியூரினிலிருந்து வருவது. மீதிதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. அப்பா வாழ்நாள் முழுக்கத் தயிர்சாதம் மட்டுமே சாப்பிட்டிருந்தாலும் அவர் உடம்பு யூரிக் அமிலம் தயாரித்துக்கொண்டுதான் இருக்கும்.

இனி, உடைகிற வழி. செல்கள் சாகும்போதும், ஏடிபி செலவாகும்போதும் அடினோசின் மிஞ்சுகிறது. ஒரு நொதி அதன் அமினோ தொகுதியைக் கழற்றிவிட, அது இனோசின் ஆகிறது. இனோசினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை இன்னொரு நொதி வெட்டிவிட்டால் ஹைப்போசாந்தைன். குவானைன் வேறு வழியாக வந்து நேரே சாந்தைன் ஆகிவிடும். இந்த இரண்டு பாதைகளும் சேருகிற இடத்தில் இருப்பதுதான் சாந்தைன் ஆக்சிடேஸ். ஹைப்போசாந்தைனைச் சாந்தைன் ஆக்குவதும் இதுவே, அந்தச் சாந்தைனை யூரிக் அமிலம் ஆக்குவதும் இதுவே. ஒவ்வொரு முறையும் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு சேருகிறது. முதல் தடவை 2-ஆம் கார்பனில், அடுத்த தடவை 8-ஆம் கார்பனில்.

ஆனால் எல்லாமே இந்த முடிவுக்குப் போவதில்லை. பியூரினைப் புதிதாகக் கட்டுவது உடம்புக்குச் செலவு பிடிக்கிற வேலை. அதனால் ஹைப்போசாந்தைன், குவானைன் இரண்டிலும் பெரும்பகுதியை இன்னொரு நொதி பிடித்துத் திரும்பவும் பயன்பாட்டுக்கு அனுப்பிவிடும். அந்த மீட்பு நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு வருவதுதான் 1964-இல் விவரிக்கப்பட்ட லெஷ்-நைஹன் நோய். யூரிக் அமிலம் எக்கச்சக்கமாக ஏறும். அதைவிடக் கொடுமை, குழந்தை தன் உதட்டையும் விரல்களையும் தானே கடித்துக்கொள்ளும். அலோபியூரினால் அந்தக் குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றும், ஆனால் கடிப்பதை நிறுத்தாது.

நிலாமுற்றம் எழுதியது:

சார், நான் எம்எஸ்சி முதல் வருடம். ஒரு சந்தேகம். ஆக்சிடேஸ் என்று பெயர் இருப்பதால், யூரிக் அமிலத்தில் சேரும் ஆக்சிஜன் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தானே?

ஆய்வகத்தான் எழுதியது:

இல்லைம்மா. அது தண்ணீரிலிருந்து வருகிறது. இந்த நொதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

நொதியின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு மாலிப்டினம் அணு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த இரண்டு கொத்துகள், ஒரு ஃபிளேவின் (பி2 வைட்டமினிலிருந்து வரும் துணைமூலக்கூறு) என்று வரிசையாக இருக்கும். நொதியைச் சுத்தப்படுத்திக் குழாயில் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் தெரிவதற்கு இந்த இரும்பும் ஃபிளேவினும்தான் காரணம். மாலிப்டினத்தில் தண்ணீரிலிருந்து வந்த ஒரு ஹைட்ராக்சில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் ஒரு குளூட்டாமிக் அமிலம் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சிய ஆக்சிஜன் சாந்தைனின் 8-ஆம் கார்பனைத் தாக்கும். அந்தக் கார்பனிலிருந்த ஹைட்ரஜன், இரண்டு எலக்ட்ரான்களோடு மாலிப்டினத்தின் மேலிருக்கும் கந்தகத்துக்குத் தாவும். யூரிக் அமிலம் கழன்று வெளியே போய்விடும்.

மிச்சம் அந்த இரண்டு எலக்ட்ரான்கள். அவை மாலிப்டினத்திலிருந்து இரும்புக் கொத்துகள் வழியாக ஃபிளேவினுக்கு வருகின்றன. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனுக்கு வேலை இங்கேதான். எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அது சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறுகிறது. 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் சூப்பராக்சைடை அழிக்கும் நொதியை அடையாளம் காட்டியபோது, சூப்பராக்சைடு உண்டாக்க அவர்கள் பயன்படுத்தியது இந்தச் சாந்தைன் ஆக்சிடேஸைத்தான்.

இன்னொன்றும் குறித்துக்கொள். உடம்புக்குள் இது பெரும்பாலும் டிஹைட்ரஜனேஸ் வடிவத்தில் இருக்கும். அப்போது எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுக்காமல் என்ஏடி என்ற துணைமூலக்கூறுக்குக் கொடுக்கும். புரதத்தில் ஓரிடத்தில் வெட்டு விழுந்தாலோ, கந்தகப் பிணைப்புகள் மாறினாலோ ஆக்சிடேஸ் வடிவத்துக்கு வந்துவிடும். ரெண்டுமே ஒரே மரபணுவின் புரதம்தான்.

நிலாமுற்றம் எழுதியது:

நன்றி சார். எங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா? சுத்தப்படுத்திய நொதி விலை அதிகம் என்கிறார்கள்.

ஆய்வகத்தான் எழுதியது:

காய்ச்சாத பசும்பால் போதும். பால் கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் சவ்வில் இந்த நொதி நிறைய இருக்கிறது. 1902-இல் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி, பச்சைப் பாலில் மெத்திலீன் நீலமும் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடும் கலந்து சூடு காட்டினால் நீலம் மறைந்துவிடுகிறது, காய்ச்சிய பாலில் மறையவில்லை என்று எழுதினார். பால் காய்ச்சியதா இல்லையா என்று கண்டுபிடிக்க அது சோதனையானது. அங்கே வேலை செய்தது இந்த நொதிதான் என்பது பின்னால் தெரியவந்தது.

நாங்கள் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுவதுண்டு. குழாயில் கீழே எல்லாம் வெளுத்துப்போன பிறகும் மேலே, காற்று படும் இடத்தில், மெல்லிய நீல வளையம் நிற்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் சாயத்தைத் திரும்ப நீலமாக்கிவிடுகிறது. குழாயைக் குலுக்கினால் மொத்தமும் மறுபடி நீலம், சற்று நேரத்தில் மறுபடி வெள்ளை. ஃபார்மால்டிஹைடு கண்ணையும் மூக்கையும் எரிக்கும், புகைக்கூண்டுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

யூரிக் அமிலம் உருவாவதை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால், ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் நிறமாலைமானியில் 290 நானோமீட்டரில் வையுங்கள். சாந்தைன் வெறும் தண்ணீரில் லேசில் கரையாது, கொஞ்சம் காரத்தில் கரைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். நொதி விழுந்ததும் எண் ஏற ஆரம்பிக்கும். அலோபியூரினால் கலந்த குழாயில் ஏற்றம் உடனே நிற்காது. கொஞ்சம் ஏறி, வேகம் குறைந்து, பிறகுதான் படுத்துவிடும். ஏன் என்பதை யோசித்துப் பார். தேனிக்காரரின் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

கேள்விக்குறி எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. உடம்பு ஒரு காரணத்துக்காகத்தான் இந்த நொதியை வைத்திருக்கிறது. அதைப் போய் மாத்திரையால் முடக்குவது எப்படிச் சரியாகும்? நிறையத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, எடைக் குறைப்பு என்று போனால் தானாகக் குறையாதா? தேனிக்காரர் அப்பாவுக்கு ஒரே ஒரு தடவைதான் வலி வந்திருக்கிறது.

குன்றத்தூரான் எழுதியது:

நாற்பது வருடத்துக்கு அருகில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கேள்விக்குறி கேட்பது நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

இந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாத மனிதர்கள் இருக்கிறார்கள். சாந்தினூரியா என்று பெயர். அவர்கள் ரத்தத்தில் யூரிக் அமிலம் கிட்டத்தட்ட இருக்காது. பலருக்கு ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. வேறு காரணத்துக்கு ரத்தம் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். சிலருக்குச் சாந்தைன் கல் உண்டாகும், ஏனென்றால் சாந்தைன் சரியாகக் கரையாது. ஆகவே நொதியை ஓரளவு அடக்குவதால் ஆள் கவிழ்ந்துவிடுவதில்லை. மாத்திரையும் முழுக்க முடக்குவதில்லை.

எலுமிச்சை, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். எலுமிச்சையிலிருக்கும் சிட்ரேட் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும், யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கு அதனால் பலன் உண்டு. தண்ணீர் குடிப்பது நல்லது. எடை குறைப்பதும் நல்லதுதான், ஆனால் பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது. பட்டினியில் உண்டாகும் கீட்டோன்கள், சிறுநீரகம் யூரேட்டை (ரத்தத்தில் யூரிக் அமிலம் இருக்கும் வடிவம்) வெளியேற்றுவதைத் தடுத்து அளவை ஏற்றிவிடும். இவையெல்லாம் துணை. ரத்தத்தில் 6.8 மி.கி./டெசிலிட்டருக்கு மேல் போனால் யூரேட் கரைந்து நிற்க முடியாமல் ஊசிப் படிகமாக இறங்கத் தொடங்கும். உடம்பில் குளிர்ந்த இடம் கால் நுனி. குளிரில் கரைதிறன் இன்னும் குறைவு. பெருவிரலில் அடி விழ அது ஒரு காரணம். 8.6 உள்ளவரை 6-க்குக் கீழே கொண்டுவர எலுமிச்சையால் ஆகாது.

ஒரே தடவை வலி வந்ததற்கு மாத்திரை தேவையா என்பது மட்டும் மருத்துவர்களே ஆளைப் பார்த்து முடிவு செய்கிற விஷயம். சிறுநீரகக் குறைபாடு, கல், 9-க்கு மேல் அளவு போன்றவை இருந்தால் முதல் தடவையே ஆரம்பிப்பார்கள். தேனிக்காரர் அதை நேரே கேட்கலாம், மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தேனிக்காரன் எழுதியது:

அப்பாவுக்குச் சின்ன வயதில் சிறுநீரகக் கல் எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்ட பிறகுதான் மாத்திரை எழுதினார், இப்போது புரிகிறது. சரி, எல்லோர் உடம்பிலும் இதே நொதிதானே இருக்கிறது? அம்மா அதே சாப்பாடு சாப்பிடுகிறார், அவருக்கு 4.9.

ஆய்வகத்தான் எழுதியது:

நொதி மட்டும் அளவைத் தீர்மானிப்பதில்லை. கிணற்று நீர்மட்டம் ஊற்றைப் பொறுத்தது போலவே இறைப்பையும் பொறுத்தது. உருவாகும் யூரேட்டில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது, மீதி குடல் வழியாகப் போகிறது. சிறுநீரகம் வடிகட்டிய யூரேட்டில் 90 சதவீதத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பைச் செய்யும் யூராட்-1 என்ற கடத்திப் புரதத்தை 2002-இல் அடையாளம் கண்டார்கள். அளவு ஏறியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு உற்பத்தி மிகையாக இல்லை, வெளியேற்றம்தான் போதவில்லை. அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இந்த வெளியேற்றத்துக்கு உதவுகிறது.

கேள்விக்குறி சொன்ன "உடம்பு ஒரு காரணத்துக்காக வைத்திருக்கிறது" என்பதை நான் ஒதுக்க மாட்டேன். எலிகளில் இந்த மரபணுவின் ஒரு பிரதியை நீக்கினால் தாய் எலியால் தொடர்ந்து பால் கொடுக்க முடிவதில்லை. பால் கொழுப்புத் துளியை உறையிட்டு வெளியே அனுப்புவதற்கே இந்தப் புரதம் தேவைப்படுகிறது. இரண்டு பிரதியும் இல்லாத குட்டிகள் வளராமல் சில வாரங்களில் இறந்துவிடுகின்றன. எலியின் கதை அப்படியே மனிதனுக்குப் பொருந்தாது. ஆனால் இது வெறும் கழிவு நொதி அல்ல.

நெய்தல் எழுதியது:

எங்கள் பக்கம் தினமும் மீன்தான். நெத்திலி, மத்தி, கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. எனக்கும் 7.9. மீனை விட்டால்தான் ஆகுமா? பருப்புக்கும் இதே தடையா?

குன்றத்தூரான் எழுதியது:

2004-இல் அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட், அதாவது யூரிக் அமிலப் படிகத்தால் வரும் இந்த மூட்டு நோய், அதிகம் வந்தது. பியூரின் உள்ள காய்கறிகளால் அப்படி ஏறவில்லை. பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது. தேனிக்காரர் அப்பாவிடமிருந்து சாம்பாரையும் கீரையையும் பிடுங்க இதில் எந்த ஆதாரமும் இல்லை. கறிவேப்பிலையின் அத்தைக்கும் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

நெய்தல், நெத்திலியும் மத்தியும் முழு உடம்போடு சாப்பிடுகிற சின்ன மீன்கள், பியூரின் அதிகம். தினமும் என்பதை வாரத்தில் ஓரிரு நாள் என்று ஆக்குங்கள். ஈரல், மூளை, ஆட்டுக்கால் சூப் பக்கம் போகாதீர்கள். பீர் இரண்டு வழியில் கெடுதல், அதில் பியூரினும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது.

ஆய்வகத்தான் எழுதியது:

இனிப்புக் குளிர்பானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அதில் பியூரினே கிடையாது, ஆனாலும் யூரிக் அமிலத்தை ஏற்றும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் கல்லீரலுக்குள் வந்ததும் ஏடிபியைச் செலவழித்துப் பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. அந்த வேகத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. ஏடிபி மளமளவென்று இறங்கி, மிஞ்சும் ஏஎம்பி (பாஸ்பேட்டுகளை இழந்த ஏடிபி) உடைந்து, கடைசியில் நம் நொதியிடம் வந்து சேருகிறது. சைவ வீடுகளில் பருப்பை நிறுத்திவிட்டு, உடம்புக்கு நல்லது என்று பாட்டில் ஜூஸ் கொடுப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

கறிவேப்பிலை எழுதியது:

அத்தைக்கு இன்றைக்கே பருப்பு சாம்பார் வைத்துக் கொடுக்கிறேன். காபி மட்டும் கேட்டுவிடுகிறேன். அதில் இருப்பதும் சாந்தைன் வகை என்று எங்கோ படித்தேன். நிறுத்த வேண்டுமா?

ஆய்வகத்தான் எழுதியது:

காஃபீன், சாந்தைன் வளையத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒட்டிய மூலக்கூறு. உடம்பு அதை உடைக்கும்போது கிடைக்கும் ஒரு துண்டை இதே சாந்தைன் ஆக்சிடேஸ் மெத்தில் யூரிக் அமிலமாக மாற்றுகிறது. ஆனால் அது மூட்டில் படியும் யூரேட் இல்லை, சிறுநீரில் போய்விடும். காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. அத்தை ஃபில்டர் காபியைத் தாராளமாகக் குடிக்கட்டும், சர்க்கரையைக் குறைத்து.

நிலாமுற்றம் எழுதியது:

சார், குழாயில் ஏற்றம் மெதுவாகப் படுத்துவது ஏன் என்று யோசித்தேன். அலோபியூரினாலை நொதி முதலில் தன் வழக்கமான மூலப்பொருள் என்று நினைத்து மாற்றுகிறது. அப்படி உருவாகும் பொருள்தான் நொதியை நிறுத்துகிறதா?

ஆய்வகத்தான் எழுதியது:

சபாஷ். அலோபியூரினால், ஹைப்போசாந்தைனில் ஒரு நைட்ரஜனும் ஒரு கார்பனும் இடம் மாறிய மூலக்கூறு. நொதி அதை ஆக்சிபியூரினாலாக மாற்றுகிறது. அந்த ஆக்சிபியூரினால் வெளியே போகாமல், எலக்ட்ரான் வாங்கிய நிலையில் இருக்கும் மாலிப்டினத்தோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. நொதி தன் கையாலேயே தனக்குத் தடையைத் தயாரிக்கிறது. உடம்பிலிருந்து அலோபியூரினால் ஓரிரு மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆக்சிபியூரினால் ஒரு நாளுக்கு அருகில் தங்கும். ஒரு வேளை மாத்திரை போதுமாக இருப்பது அதனால்தான். ஆக்சிபியூரினால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்குவார்கள்.

குன்றத்தூரான் எழுதியது:

தேனிக்காரருக்கு இரண்டு விஷயம். மாத்திரை ஆரம்பித்த முதல் மாதங்களில் மறுபடி வலி வரலாம். பழைய படிகங்கள் கரையத் தொடங்கும்போது அப்படி நடக்கும். மாத்திரை சேரவில்லை என்று நினைத்து அப்பா நிறுத்திவிடக் கூடாது. அந்தக் காலத்துக்கு மருத்துவர்கள், வீக்கத்தை அடக்கும் கோல்ச்சிசின் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு, கேளுங்கள்.

இரண்டாவது, தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அந்த நிமிடமே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரிதாக வரும், ஆனால் உயிருக்கே ஆபத்து. எச்எல்ஏ-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். சீனர், தாய்லாந்துக்காரர், கொரியர்களிடையே அந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது.

தேனிக்காரன் எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா, ரெண்டையும் அப்பாவின் மருந்துப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன். கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டு நாய்க்கு இந்தத் தொல்லை வருமா? வேறு மிருகங்களுக்கு இந்த நோய் கேள்விப்பட்டதே இல்லையே.

ஆய்வகத்தான் எழுதியது:

பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிக்கேஸ் என்று அடுத்த நொதி ஒன்று உண்டு. யூரிக் அமிலத்தை நன்றாகக் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடும். மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அந்த மரபணு செத்துப்போய்க் கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆகின்றன. பழைய யூரிக்கேஸ்களை மரபணு ஒப்பீட்டின் மூலம் ஆய்வகத்தில் திரும்ப உருவாக்கிப் பார்த்தவர்கள், அது ஒரே அடியாகச் சாகவில்லை, பல லட்சம் தலைமுறைகளாகப் படிப்படியாக வலுவிழந்தது என்று 2014-இல் காட்டினார்கள். ஏன் இழந்தோம் என்பதற்குப் பல கருத்துகள் உண்டு, எதுவும் உறுதியாகவில்லை. அப்பாவின் ரத்தத்தில் 8.6 என்று அளந்த சோதனைக் கூடமும் பெரும்பாலும் யூரிக்கேஸை வைத்துத்தான் அளந்திருக்கும்.

நாய்களில் டால்மேஷன் முக்கியமான விதிவிலக்கு. அதற்கு யூரேட்டைக் கடத்தும் புரதத்தில் பழுது இருப்பதால் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் வரும். புல்டாக் போன்ற வேறு சில இனங்களிலும் இந்தப் பழுது காணப்படுவதுண்டு.

மழைக்காலம் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தங்கைக்கு லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), அதை அடக்க அசதயோபிரின் சாப்பிடுகிறாள். இப்போது யூரிக் அமிலம் 7.8 என்று வந்திருக்கிறது. சித்தப்பாவிடம் அலோபியூரினால் ஒரு அட்டை மீதி இருக்கிறது. அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கும்வரை அதைப் போட்டுக்கொள்ளலாமா?

குன்றத்தூரான் எழுதியது:

கூடவே கூடாது. ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

ஆய்வகத்தான் எழுதியது:

மழைக்காலம், ஐயா சொன்னதற்குக் காரணம் இதே நொதிதான். அசதயோபிரின் உடம்பில் 6-மெர்காப்டோபியூரினாக மாறும். அதில் ஒரு பகுதியை உடைத்துச் செயலிழக்க வைப்பது சாந்தைன் ஆக்சிடேஸ். நொதியை அடைத்துவிட்டால் அந்த மருந்து உடையாமல் தேங்கி, எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். வெள்ளை அணுக்கள் அபாயமான அளவுக்கு இறங்கிவிடும்.

அலோபியூரினாலை முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததே இந்த உடைப்பைத் தடுக்கத்தான். பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் ரத்தப் புற்றுநோய்க்கு 6-மெர்காப்டோபியூரினை உருவாக்கினார்கள். அது உடம்பில் சீக்கிரம் உடைகிறதே என்று, உடைக்கும் நொதியைத் தடுக்க அலோபியூரினாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு யூரிக் அமிலமும் இறங்கியது. 1966-இல் அமெரிக்காவில் அது கவுட் மருந்தாக அனுமதி பெற்றது, 1988-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அன்று மருத்துவர்கள் அளந்து, கண்காணித்துச் சேர்த்ததை உங்கள் தங்கை வீட்டில் தானாகச் சேர்க்கக் கூடாது. ஃபெபுக்சோஸ்டாட் என்ற இன்னொரு கவுட் மருந்துக்கும் இதே தடைதான், அதுவும் இதே நொதியைத்தான் அடைக்கிறது.

மழைக்காலம் எழுதியது:

படித்ததும் தங்கையிடம் பேசினேன், நல்லவேளையாக இன்னும் போடவில்லை. அட்டையைச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அசதயோபிரின் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நாளைக் காலையிலேயே தொலைபேசியில் கேட்கிறோம்.

குன்றத்தூரான் எழுதியது:

நல்லது. கேட்கும்போது அவள் சாப்பிடுகிற எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீர் பிரிய மாத்திரை ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். சில வகை நீர் மாத்திரைகளே யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும்.